முடி மாத்திரையும் பாதியாகத் தெரிந்த பி.எஸ்.ஏ. அளவும்: யாங்கூனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கும் அவர்களின் தலைமுடி உதிர்வுக்கும் ஒரே மருந்து கொடுக்கப்படுகிறது என்பது மருத்துவர்கள் அனைவரும் அறிந்தது. அந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடுபவர்களில் பலர் அதை அறிவதில்லை. ஃபினாஸ்டெரைடு என்ற அந்த மருந்து, 5 மி.கி. அளவில் புராஸ்டேட் வீக்கத்துக்காக 1992-இலும், 1 மி.கி. அளவில் முடி உதிர்வுக்காக 1997-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றில் எந்த அளவில் தொடர்ந்து சாப்பிட்டாலும், இரத்தத்தில் உள்ள பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி வெளியிடும் ஒரு புரதம்; அதன் அளவு ஏறினால் புற்றுநோய் இருக்கிறதா என்று சந்தேகிப்பார்கள். இந்த ஒரு விவரம் நோயாளியின் வாயிலிருந்தும் வராமல், மருத்துவக் குறிப்பிலும் ஏறாமல் போனதால், ஒருவருடைய புராஸ்டேட் புற்றுநோய் சில ஆண்டுகள் "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அவருடைய ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, அந்த நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன்.

நோயாளியும் அவர் கொண்டுவந்த தாள்களும்

அவர் 63 வயதான தமிழர். யாங்கூனில் உள்ள பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்து, துவரை வணிகம் செய்பவர். 2024-ஆம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது, சிறுநீர் மெல்லிய தாரையாக, நின்று நின்று போகிறது என்ற குறைகளோடு மனைவியுடன் வந்தார். சிறுநீரில் இரத்தமோ எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. எடை குறையவில்லை, முதுகு வலியும் இல்லை. சில ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தார், சர்க்கரை நோய் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் புராஸ்டேட் புற்றுநோய் வந்ததாக அவருக்கு நினைவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு மருத்துவ நிலையத்தில் அவரைப் பரிசோதித்திருந்தார்கள். அங்கே எடுத்த அல்ட்ராசவுண்டில் புராஸ்டேட்டின் கொள்ளளவு 34 மி.லி. என்றும், சிறுநீர் கழித்த பிறகு பையில் தங்கும் அளவு 60 மி.லி. என்றும் இருந்தது. பி.எஸ்.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 3.3 நானோகிராம். ஆய்வகத்தாளில் எல்லை 4 என்று அச்சிடப்பட்டிருந்ததால், புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்று சொல்லி, சிறுநீர் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரையையும் ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. மாத்திரையையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அங்கே கிடைத்த தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த மருந்துச் சீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபினாஸ்டெரைடு ஆண்மையைக் குறைக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால்தான் அவர் தயங்கி, இன்னொரு கருத்துக் கேட்க வந்திருந்தார்.

சிறுநீர்த் தொல்லைகளை அளக்கும் ஐ.பி.எஸ்.எஸ். கேள்வித்தாளில் அவருக்கு 35-க்கு 17 மதிப்பெண் வந்தது. நடுத்தரத் தொல்லை என்று கொள்ள வேண்டிய அளவு அது. விரலால் தொட்டுப் பரிசோதித்தபோது, சுரப்பி பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் இடது பக்கம், வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. திட்டமான கட்டி என்று சொல்ல முடியாது. ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை.

"அண்ணே, பிரஷர் மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். "வேற எதுவும் இல்லீங்க டாக்டர்" என்றார். அருகில் உட்கார்ந்திருந்த மனைவி, "தினமும் காலையில முடி மாத்திரை சாப்பிடுறீங்களே, அதையும் சொல்லுங்க" என்றார். "அது மருந்தா? முடிக்கு உள்ள சத்து மாத்திரைதானே" என்பது அவருடைய பதில். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல், நோய்க்கென்று இல்லாமல், உறவினர் கைப்பையில் வந்து சேர்ந்த ஒன்றை மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை.

மறுநாள் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. அதாவது, சாப்பிடலாமா வேண்டாமா என்று அவர் எங்களிடம் கேட்க வந்த அதே மருந்தை, வேறு பெயரில், நான்கில் ஒரு துண்டாக, அவர் ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாத்திரையின் வரலாறு

1964-ஐ ஒட்டிக் கப்பலேறித் தமிழ்நாடு சென்ற உறவுகள் இல்லாத தமிழ்க் குடும்பம் யாங்கூனில் குறைவு. இங்கிருந்து பருப்பும், முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா மரப்பட்டையும் போகும். அங்கிருந்து துணியும் மருந்தும் வரும். இவருக்கு 48 வயதில், 2009-இல், சென்னையில் இருக்கும் அக்காள் மகன் 1 மி.கி. ஃபினாஸ்டெரைடு அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓராண்டில் உச்சியில் முடி ஓரளவு நிறைந்ததைக் கண்டு, யார் வந்தாலும் வாங்கிவரச் சொல்லி, தொடர்ந்து சாப்பிட்டார். 2020-இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது கையிருப்புத் தீர்ந்து, பல மாதங்கள் மாத்திரை விட்டுப்போனது. பிறகு கிடைத்தபோது சாப்பிடுவதும் கிடைக்காதபோது விடுவதுமாக இருந்தது. 2022-இன் தொடக்கத்திலிருந்து யாங்கூன் மருந்துக் கடையிலேயே 5 மி.கி. மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கி, நான்காக வெட்டி, நாளுக்கு ஒரு துண்டு வீதம் தவறாமல் சாப்பிட்டார். மாத்திரையைத் தொடங்கும் முன் பி.எஸ்.ஏ. பார்க்கப்படவில்லை. பார்க்கச் சொல்ல அங்கே ஒரு மருத்துவர் இருக்கவில்லை.

ஆண்டுப் பரிசோதனைத் தாள்களை அவர் மனைவி ஒரு கோப்பில் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. 2018-இல் பி.எஸ்.ஏ. 1.4, 2021-இல் 2.0, 2023-இல் 2.7; 2024-இல் 3.3. நான்கு தாள்களிலும் நார்மல் என்று எழுதியிருந்தது. நான்கும் அச்சிட்ட எல்லைக்குள் இருந்ததால், ஒன்றை இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தேவை யாருக்கும் எழவில்லை.

எண்களை மறுபடி படித்தது

இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு மருந்தின் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டெஸ்டோஸ்டீரோனை, அதைவிட வீரியம் கூடிய டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோனாக மாற்றுகிற நொதி ஒன்று உண்டு. அதன் பெயர் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். புராஸ்டேட் பெருப்பதற்கும், பரம்பரை வழுக்கையில் முடிவேர்கள் சுருங்குவதற்கும் அந்த வீரிய ஹார்மோன் வேண்டும். டொமினிக்கன் குடியரசின் ஒரு பகுதியில், பிறவியிலேயே இந்த நொதிக் குறைவோடு பிறந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்ததையும் அவர்களுக்கு வழுக்கை விழாததையும் ஜூலியான் இம்பெரேட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவரின் குழு 1974-இல் வெளியிட்ட ஆய்வும் அதைத் தொடர்ந்தவையும் காட்டின. அந்த நொதியைத் தடுப்பதற்கென்று உருவான மருந்துதான் ஃபினாஸ்டெரைடு. நொதியின் இரண்டாம் வகையை அது தடுக்கிறது. பின்னால் வந்த டூட்டாஸ்டெரைடு இரண்டு வகைகளையும் தடுப்பதால், வீரிய ஹார்மோனை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கிறது.

கால் மாத்திரைதானே, பாதிப்பும் கால் பங்குதான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. அது சரியன்று. 1 மி.கி. ஃபினாஸ்டெரைடு இரத்தத்தில் வீரிய ஹார்மோனைச் சுமார் 71 விழுக்காடு குறைக்கிறது, 5 மி.கி. குறைப்பது சுமார் 72 விழுக்காடு. 0.2 மி.கி.கூட அதற்கு அருகில் வந்துவிடுகிறது. ஆகவே முடிக்காக உண்ணும் சிறிய அளவு, பி.எஸ்.ஏ.யைப் பொறுத்தவரை சிறிய அளவு ஆகாது. 40 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களிடம் 1 மி.கி. மாத்திரையைச் சோதித்து 2007-இல் வெளியான ஆய்வில், 48 வாரங்களில் பி.எஸ்.ஏ. நாற்பதுகளில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 40 விழுக்காடும், ஐம்பதுகளில் இருந்தவர்களுக்கு 50 விழுக்காடும் குறைந்தது. அதனால்தான் ஆறு மாதத்துக்கு மேல் இம்மருந்தைச் சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ.யை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்புத்தாளே சொல்கிறது. நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டுகூடப் போதாது. ஏழு ஆண்டுகள் நடந்த பெரிய புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு ஒன்றில், முதலில் இரண்டாலும் பின்னாளில் 2.3-ஆலும் பெருக்கினார்கள்.

இவருடைய தாள்களை இரண்டால் பெருக்கினால், 2.8, 4.0, 5.4, 6.6 என்று ஆகிறது. 2021-இலேயே அவர் எல்லையைத் தொட்டுவிட்டார்.

பெருக்கிப் பார்ப்பதைவிட முக்கியமானது ஏற்றத்தைப் பார்ப்பது என்பது என் உறுதியான கருத்து. ஃபினாஸ்டெரைடு சாப்பிடும் ஒருவருக்குப் பி.எஸ்.ஏ. இறங்கி ஓர் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். அந்த அடிமட்டத்திலிருந்து உறுதியாக ஏறும் எந்த ஏற்றத்துக்கும், மொத்த அளவு எல்லைக்குள் இருந்தாலும், காரணம் தேட வேண்டும். காரணங்களில் முதலில் விலக்க வேண்டியது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமை, விட்டுவிட்டால் பி.எஸ்.ஏ. தன் பழைய நிலைக்குத் திரும்பும். இவருக்கு 2018-க்கும் 2021-க்கும் இடையிலான ஏற்றத்தை, கொரோனா காலத்து இடைவெளியைக் கொண்டு ஓரளவு விளக்கிவிடலாம். ஆனால் 2022 முதல் அவர் ஒரு நாளும் தவறவில்லை. வீட்டில் வெட்டிவைத்த துண்டுகளின் கணக்கும் மனைவியின் சொல்லும் அதை உறுதிப்படுத்தின. ஒழுங்காகச் சாப்பிட்டால், 2021-இல் இருந்த 2.0 என்ற அளவு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மாறாக 2.7-க்கும் 3.3-க்கும் ஏறியது. நான்கு எண்களில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தக் கடைசி ஏற்றம்தான்.

இன்னொரு கணக்கும் இங்கே ஏமாற்றுகிறது. பி.எஸ்.ஏ.யைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்துக் கிடைக்கும் அடர்த்தி 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் கூடும் என்பது நடைமுறை. 3.3-ஐ 34-ஆல் வகுத்தால் 0.10-க்கும் குறைவாக வருகிறது. நிம்மதி தரும் எண். திருத்திய 6.6-ஐ வகுத்தால் 0.19. மருந்தைக் கணக்கில் எடுப்பதா இல்லையா என்பதைப் பொறுத்து, ஒரே நோயாளி பாதுகாப்பான பக்கத்திலும் சந்தேகப் பக்கத்திலும் மாறி மாறி நிற்கிறார்.

மேற்கொண்டு செய்தவை

மாத்திரையை நிறுத்திவிட்டு உண்மையான பி.எஸ்.ஏ. என்னவென்று பார்க்கலாமே என்று அவர் மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அளவு பழைய நிலைக்குத் திரும்ப ஆறு மாதம் வரை ஆகும். ஏறுமுகமும் கெட்டியான இடமும் சேர்ந்து இருக்கும்போது அவ்வளவு காலம் காத்திருப்பது சரியாகப் படவில்லை. சிறுநீர்க் கிருமிப் பரிசோதனை செய்து தொற்று இல்லை என்று தெரிந்துகொண்டு, முந்தைய அதே ஆய்வகத்தில் சில வாரங்கள் கழித்துப் பி.எஸ்.ஏ.யை மறுபடி பார்த்தோம். 3.4 வந்தது. கட்டற்ற பி.எஸ்.ஏ.யின், அதாவது இரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியே இருக்கும் பி.எஸ்.ஏ.யின், பங்கு 11 விழுக்காடு. மொத்த அளவைப்போல் இந்த விகிதத்தை ஃபினாஸ்டெரைடு பெரிதாக மாற்றுவதில்லை என்பதால், இது போன்ற நேரத்தில் பயன்படும் குறிப்பு இது. பங்கு குறையக் குறையப் புற்றுநோய்க்கான வாய்ப்புக் கூடுகிறது.

சிறுநீரகவியல் நிபுணரிடம் அனுப்பினோம். எம்.ஆர்.ஐ. படத்தில் சுரப்பியின் இடது பக்கத்தில், புற மண்டலம் எனப்படும் வெளிப்பகுதியில் 14 மி.மீ. அளவுள்ள புள்ளி ஒன்று தெரிந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் புற்றுநோய்ச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடும் பை-ராட்ஸ் அளவுகோலில் 4. வயதில் வரும் சாதாரண வீக்கம் சுரப்பியின் நடுப்பகுதியில் எழுவது; புற்றுநோயில் பெரும்பங்கு புற மண்டலத்தில் எழுவது. அதனால்தான் சிறுநீர்த் தாரை மெலிவதற்கு முன்பே நோய் வளர்ந்துவிட முடிகிறது, தாரை மெலிந்ததற்கும் நோய்க்கும் தொடர்பில்லாமலும் இருக்க முடிகிறது. இவருக்கும் சிறுநீர்த் தொல்லை வீக்கத்தால் வந்தது என்றே கருதுகிறேன். அந்தத் தொல்லை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது என்பது அவருடைய நல்ல காலம்.

திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானது; திசுவின் தோற்றத்தைக் கொண்டு நோயின் தீவிரத்தை மதிப்பிடும் கிளீசன் அளவுகோலில் 4+3, அதாவது நடுத்தரத் தீவிரம். திசுவை அனுப்பும் தாளில், பல ஆண்டு ஃபினாஸ்டெரைடு பயன்பாடு என்று எழுதியனுப்பினோம். இம்மருந்து திசுவின் தோற்றத்தை மாற்றக்கூடும் என்பதால், நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு அது தெரிந்திருப்பது நல்லது. எலும்பு ஸ்கேனிலும் வயிற்று சி.டி. ஸ்கேனிலும் பரவல் இல்லை.

கதிர்வீச்சோடு சில மாத ஹார்மோன் மருந்து, அல்லது அறுவை சிகிச்சை என்ற இரண்டு வழிகளையும் நிபுணர் விளக்கினார். அவர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்து, உறவினர் வீட்டில் தங்க வசதி இருந்ததால் சென்னைக்குச் சென்றார். அகற்றிய சுரப்பியில் நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தது. வெட்டு விளிம்புகளில் நோய் இல்லை. ஆறு வாரம் கழித்துப் பி.எஸ்.ஏ. 0.1-க்கும் குறைவு. சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப நான்கு மாதங்கள் ஆயின. விறைப்புத்தன்மை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. இவற்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் சிகிச்சை வென்றது என்று மட்டும் எழுதினால் அவர் பட்ட பாடு கணக்கில் வராமல் போகும்.

அவர் கேட்ட கேள்விகள்

"இந்த மாத்திரைதான் எனக்குப் புற்றுநோயைக் கொடுத்ததா?" என்று அவர் கேட்டார். அப்படிச் சொல்வதற்குச் சான்று இல்லை. 18,882 ஆண்களிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், ஏழு ஆண்டுகள் 5 மி.கி. ஃபினாஸ்டெரைடு சாப்பிட்டவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 24.4 விழுக்காட்டினருக்கும் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதாவது மொத்தத்தில் புற்றுநோய் குறைந்தது. ஆனால் தீவிர வகை, மருந்து சாப்பிட்டவர்களில் 6.4 விழுக்காடாகவும் மற்றவர்களில் 5.1 விழுக்காடாகவும் இருந்தது. சுரப்பி சுருங்குவதால் ஊசிக்கு நோய் எளிதாக அகப்படுகிறது என்பது இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் குறிப்புத்தாளில் எச்சரிக்கை சேர்க்கச் செய்தது. அதே ஆண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்ததில், இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? தாமதத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவ அமைப்பில், புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்ட 80,875 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. திருத்திய பி.எஸ்.ஏ. முதன்முதலில் எல்லை தாண்டியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை, இவ்வகை மருந்து சாப்பிட்டவர்களுக்கு நடுமதிப்பாக 3.6 ஆண்டுகள் ஆயின, சாப்பிடாதவர்களுக்கு 1.4 ஆண்டுகள். கண்டறியும்போது நோய் முற்றியிருப்பதும், அந்நோயால் இறப்பதும் முதல் பிரிவில் கூடுதலாக இருந்தன. அவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, பதிவுகள் ஒழுங்காக இருக்கும் ஓர் அமைப்பில் சாப்பிட்டவர்கள். அங்கேயே இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதம் என்றால், சீட்டில்லாமல் வாங்கி, துண்டாக்கி, யாரிடமும் சொல்லாமல் சாப்பிடும் நம் ஆட்களின் நிலையை எண்ணிக் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை.

இந்த மருந்தை விலக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிதாக வீங்கிய புராஸ்டேட்டுக்கு அது உண்மையாகவே உதவுகிறது. 3,040 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், திடீர்ச் சிறுநீர் அடைப்பு 57 விழுக்காடும், அறுவை சிகிச்சைக்கான தேவை 55 விழுக்காடும் குறைந்தன. பாலியல் விருப்பக் குறைவு, விறைப்புக் குறைவு, மார்பில் வலி அல்லது வீக்கம் ஆகியவை சிலருக்கு வருகின்றன. மனச்சோர்வு பற்றியும் கேட்டறிய வேண்டும்: தற்கொலை எண்ணத்தை இம்மருந்தின் பக்க விளைவாக ஐரோப்பிய மருந்து நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு 2025-இல் உறுதிப்படுத்தியது.

முடியைப் பற்றியும் அவர் கேட்டார். தயங்கித் தயங்கி, மனைவி வெளியே சென்ற நேரம் பார்த்துக் கேட்டார். உயிர் பிழைத்தவர் முடியைப் பற்றிக் கவலைப்படலாமா என்று யாரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. பதினைந்து ஆண்டுகள் அவர் அக்கறையோடு காத்துவந்தது அது. மாத்திரையை நிறுத்தினால், அதனால் வளர்ந்த முடி ஓராண்டுக்குள் உதிர்ந்துவிடும் என்பதை நேராகச் சொன்னேன். சுரப்பியை அகற்றிய பிறகு, நோய் திரும்புகிறதா என்று காட்டுவது பி.எஸ்.ஏ. ஒன்றுதான், அதை அமுக்கக்கூடிய மருந்தைத் தொடர்வது சரியில்லை என்பதை விளக்கினேன். நிறுத்திவிட்டார்.

மாத்திரையை வெட்டிய கை

இந்த நிகழ்வில் என்னை மிகவும் கலங்க வைத்த பகுதி, நோயாளியைப் பற்றியது அன்று. மாத்திரையை யார் நான்காக வெட்டுகிறார்கள் என்று ஏதோ நினைவில் கேட்டேன். மருமகள் என்றார்கள். வாரத்துக்கு ஒருமுறை, சமையலறைக் கத்தியால், மாமனாருக்கும் சேர்த்துக் கணவனுக்கும் அவர்தான் துண்டு போட்டு வந்தார். 31 வயதான மகனும் இரண்டு ஆண்டுகளாக அதே மாத்திரையைச் சாப்பிட்டுவந்தது அப்போதுதான் தெரிந்தது. மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி.

முழு மாத்திரையின் மேல் பூச்சு இருப்பதால், அதைத் தொடுவதால் தீங்கில்லை. உடைத்த, பொடியான மாத்திரையிலிருந்து மருந்து தோல் வழியே உடலில் சேரக்கூடும்; கருவில் இருப்பது ஆண் குழந்தையானால், பிறப்புறுப்பு உருவாகும் காலத்தில் அந்த வீரிய ஹார்மோன் தேவைப்படுகிறது. எனவே கர்ப்பிணிகளும் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களும் உடைத்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று மருந்தின் குறிப்புத்தாள் எச்சரிக்கிறது. டூட்டாஸ்டெரைடு திரவம் அடங்கிய கேப்ஸ்யூலாக வருவதால், கசியும் கேப்ஸ்யூலைத் தொடுவதும் அதேபோல் கூடாது. கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது அந்தக் குறிப்புத்தாள் கூடவே வருவதில்லை.

அந்தப் பெண்ணிடம் பேசும்போது சொற்களைத் தேர்ந்து பேச வேண்டியிருந்தது. இப்படித் தொட்டவர்களுக்கெல்லாம் குறை வருவதில்லை, விரல் நுனி வழியாகச் சேர்ந்திருக்கக்கூடிய அளவு மிகச் சிறியது, ஆனாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவைப்பது அவசியம் என்று விளக்கினேன். "நான் தெரியாமத்தான் செஞ்சேன் டாக்டர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் யாரும் சொல்லாதபோது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பிறந்தது ஆண் குழந்தை. குழந்தை மருத்துவர் பரிசோதித்ததில் பிறப்புறுப்பில் எந்தக் குறையும் இல்லை. கணவன் மாத்திரை சாப்பிட்டதைப் பற்றியும் அவருக்கு அச்சம் இருந்தது. விந்தில் கலக்கும் மருந்தின் அளவு கருவைப் பாதிக்கும் அளவை எட்டாது என்று சொன்னபோதுதான் அவர் கொஞ்சம் தெளிந்தார்.

இரத்த தானம் செய்யும் பழக்கம் மகனுக்கு உண்டு. அதே காரணத்தால், ஃபினாஸ்டெரைடை நிறுத்தி ஒரு மாதம் வரையும், உடலில் நெடுநாள் தங்கும் டூட்டாஸ்டெரைடை நிறுத்தி ஆறு மாதம் வரையும் இரத்தம் கொடுக்கக்கூடாது; அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

இப்போதைய நிலை

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு நிறைந்த பரிசோதனையிலும் தந்தையின் பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழேயே இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும். எங்கள் நிலையத்தில், நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, முடிக்கு மாத்திரை, ஊரிலிருந்து வந்த மாத்திரை, வெட்டிச் சாப்பிடும் மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். ஆம் என்று சொல்பவர்களிடம் அட்டையைக் கொண்டுவரச் சொல்கிறோம். பி.எஸ்.ஏ. கேட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டிலேயே மருந்தின் பெயரும் தொடங்கிய ஆண்டும் எழுதப்படுகின்றன.

மகனுக்கு, தந்தைக்கு நோய் வந்ததால் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அவர் மருந்தை நிறுத்தி ஆறு மாதங்கள் கழித்து, அடிப்படை அளவாக இருக்கட்டும் என்று பி.எஸ்.ஏ. பார்த்தோம், 0.7 வந்தது. பிறகு மனைவியோடு கலந்து பேசி, 1 மி.கி. மாத்திரையையே முழுதாக, மருத்துவர் சீட்டோடு வாங்கிச் சாப்பிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். நாற்பது வயதிலிருந்து ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறோம், அந்த 0.7 என்ற எண்ணும், அதற்குப் பின் மருந்தை மறுபடி தொடங்கிய தேதியும் அவருடைய மருத்துவ அட்டையின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன.